கூடையும் சேர்த்து

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பியபோது என் கணவருக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஒரு சொல். ஓம்.

வலது கையும் காலும் பாதிதான் போயிருந்தன. பேச்சு முழுதும் போய்விட்டது, ஆமாம் என்கிற இந்த ஒன்றைத் தவிர. தேத்தண்ணி வேணுமோ என்றால் ஓம். நோகுதோ என்றால் ஓம். நோகவில்லையோ என்றால் அதற்கும் ஓம். கேள்வி முடிவதற்குள் பதில் வந்து விழும். பார்க்க வந்தவர்கள், எவ்வளவு பொறுமையான நோயாளி என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் ஒரே தரத்தில் ஓம் சொல்லியிராத மனிதர் அவர் என்பது அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது.

எங்கள் வீடு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், நாலாம் மாடியில். பிள்ளைகள் இல்லை. வீட்டுக்கு வந்த இரண்டாம் மாதம், நான் குளித்துக்கொண்டிருந்த நேரத்தில் அவர் கதவைத் திறந்து எப்படியோ கீழே இறங்கிப் போய்விட்டார். வாசல் காவலாளி அவரைத் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் கண்டு கூட்டிக்கொண்டு வந்தார். அன்றே கதவுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டேன். சாவியைக் கழுத்துச் சங்கிலியில் மாட்டிக்கொண்டேன். படிப்பிக்கிற வேலையை முன்பே விட்டாகிவிட்டது. காய்கறிகூட போனில் சொன்னால் வீட்டுக்கு வரும். சமையலறை ஜன்னலால் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு முழ அகலத்துக்குக் கடல் தெரியும். பதினாலு மாதமாக நான் கண்ட வெளி அவ்வளவுதான். பூட்டியது அவருக்காக, உள்ளே இருந்தது இரண்டு பேர்.

அப்படி இருந்த நாளில்தான் புதிய போதகர் வந்தார். இளம் வயது, மட்டக்களப்புப் பக்கத்து ஆள். எங்களைப் பற்றி யாரும் அவருக்கு விவரமாகச் சொல்லியிருக்கவில்லை. நான் தேத்தண்ணி போட உள்ளே போன நேரம், இந்த வருட அறுப்பின் ஆராதனையைப் பற்றி அவர் இவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. இந்த முறை பழைய இஸ்ரவேலர் செய்தது போலச் செய்யலாம், எல்லாருக்காகவும் ஒரு குடும்பம் முதற்பலன் கூடையைச் சுமந்து வந்து முன்னால் நின்று அறிக்கை சொல்ல வேண்டும் என்றார்.

"ஐயா, அந்தக் கூடையை நீங்க கொண்டு வாறீங்களா?"

"ஓம்."

நான் தட்டோடு வந்தபோது போதகர் டயரியில் எழுதி முடித்துவிட்டு ஜெபிக்க எழும்பி நின்றார். ஜெபத்துக்கு நடுவில் எப்படிக் குறுக்கே பேசுவது? ஆமென் சொன்ன கையோடு சொன்னேன்.

"போதகர், இவர் எல்லாத்துக்கும் ஓம்தான் சொல்லுவார். வீட்டை வித்துப்போட்டு றோட்டில இருப்பமோ எண்டு கேட்டாலும் ஓம்தான்."

அவருடைய முகம் போன போக்கைப் பார்க்கப் பாவமாக இருந்தது. இவர் பக்கம் திரும்பி, "ஐயா, கஷ்டமெண்டா வேணாம். விட்டுருவமா?" என்று கேட்டார்.

"ஓம்."

போதகர் சிரித்துவிட்டார். இவரும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"இப்ப ரெண்டு ஓமில எதை எடுக்கப் போறீங்கள்?"

"முதல் ஓமை எடுப்பம் அம்மா. முதற்பலன் எண்டா அதுதானே."

இந்த முதற்பலன் சமாசாரத்தை நான் பள்ளிக்கூடத்தில் சமய பாடத்தில் வருடக்கணக்காகப் படிப்பித்தவள். வாற்கோதுமையின் முதல் கதிர்க்கட்டை ஆசாரியன் கடவுளுக்கு முன்னால் அசைத்துக் காட்டுவான். அதுவரை புதுத் தானியத்தில் ஒரு மணியும் யாரும் வாயில் வைக்கக்கூடாது. ஐம்பது நாள் கழித்துப் புதுக் கோதுமை மாவில் இரண்டு அப்பங்கள். எல்லாம் சேர்த்து முடிந்த பிறகு ஏழு நாள் குடிசையில் தங்கும் பண்டிகை. வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட வேண்டும். பிள்ளைகள் வரிசை மாற்றி எழுதினால் புள்ளியை வெட்டினேன். கதிரை ஏன் அசைக்க வேண்டும் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. இது என்னுடையதில்லை என்று கையைத் தூக்கிக் காட்டுவதுதான் அது என்று இப்போது நினைக்கிறேன். அதைக் காட்டிய பிறகுதான் மிச்சத்தைச் சாப்பிட விடுகிறார்கள்.

இரண்டு சங்கதிகளை மட்டும் விருப்பமாகப் படிப்பித்தேன். கூடை கொண்டு வருகிறவன் அறிக்கை சொல்ல வேண்டும் அல்லவா? தொடக்கத்தில் வாசிக்கத் தெரிந்தவன் தானாகச் சொன்னான், தெரியாதவனுக்கு ஆசாரியன் அடியெடுத்துக் கொடுத்தான். தெரியாதவர்கள் வெட்கப்பட்டு வராமல் நின்றுவிட்டார்கள். அதன் பிறகு தெரிந்தவன், தெரியாதவன் எல்லாருக்கும் அடியெடுத்துக் கொடுப்பது என்று வழக்கத்தையே மாற்றினார்களாம். மற்றது கூடை. பணக்காரர் பொன், வெள்ளிக் கூடைகளில் கொண்டு வந்து, பழத்தைக் கொடுத்துவிட்டுக் கூடையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போவார்கள். ஏழைகள் நாரில் பின்னிய கூடையையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

இப்போது என் பிரச்சினை அறிக்கைதான். போதகர் அதை எளிமையாக எழுதி அனுப்பியிருந்தார். எகிப்துக்குப் போனோம், அடிமையானோம், கதறி அழுதோம், உம் கையால் வெளியே வந்தோம். எகிப்தைக் கண்ணாலும் காணாதவன், எத்தனையோ தலைமுறைக்குப் பிறகு பிறந்தவன், அவனும் 'நாங்கள்' என்றுதான் சொல்ல வேண்டும். அதுதான் அந்த அறிக்கையின் சாரம் என்று வகுப்பில் நானே அழுத்திச் சொல்லியிருக்கிறேன். ஆனால் 'வெளியே வந்தோம்' என்ற இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டேன். கழுத்தில் சாவியோடு அதை எப்படிச் சொல்வது? கடவுளுக்கு முன்னால் நின்று பொய் சொல்ல எனக்கு வராது.

அதே கிழமையில் இன்னொன்றும் வந்தது. நீர்கொழும்புப் பக்கத்தில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் ஆண்களுக்கான கட்டில் ஒன்று காலியாகியிருந்தது. மாதக்கணக்காக அதற்குத்தான் காத்திருந்தேன். ஆராதனைக்கு அடுத்த நாள், திங்கட்கிழமை, பதில் சொல்ல வேண்டும். போனில் பேசிய பெண், "ஐயாட்ட கேட்டனீங்களோ? அவற்ர விருப்பம் இல்லாமல் நாங்கள் எடுக்கிறதில்லை" என்றார்.

அன்று சாப்பாட்டு மேசையில் கேட்டேன்.

"இஞ்சாருங்கோ, அங்க போய் இருக்கிறீங்களோ? நல்லாப் பாப்பினம்."

"ஓம்."

"இல்லாட்டி என்னோடயே இருக்கிறீங்களோ?"

"ஓம்."

"ரெண்டுக்கும் ஓம் எண்டால் நான் என்ன செய்யிறது?" என்று கத்தினேன். அவர் இடது கையால் என் கையைத் தட்டி, "ஓம்" என்றார். நான் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். இல்லை என்று சொல்லத் தெரியாத ஒருவரிடம் சம்மதம் வாங்கவும் முடியாது. உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அவரை அனுப்ப வேண்டும் போலத்தான் இருந்தது. மணி பார்க்காமல் காலி வீதியால் பம்பலப்பிட்டி வரைக்கும் ஒருமுறை சும்மா நடந்து போய்வர வேண்டும் போல இருந்தது.

கூடைக்குள் வைக்க என்ன இருக்கிறது? வெள்ளவத்தையில் யாருக்கு அறுவடை? எங்கள் ஆட்கள் சந்தையில் ஆப்பிள் வாங்கி, ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைக்கூட உரிக்காமல் பீடத்தில் அடுக்குவார்கள். எங்களுக்கு பல்கனியில் ஒரு பெயின்ற் வாளி இருந்தது. நோய் வருவதற்கு முந்தின கிழமை அவர் அதில் விதை போட்டிருந்தார். நான் கவனித்தும் கவனியாமலும் அது பச்சை மிளகாய்ச் செடியாக வளர்ந்து, ஒருமுறை பட்டு, பிறகு தழைத்து, இப்போதுதான் முதல் தரம் காய்த்திருந்தது. முதலில் பழுக்கும் பழத்தில் நாணல் நாரைக் கட்டி, இது முதற்பலன் என்று சொல்லி வைப்பது அந்தக் காலத்து வழக்கம். நான் தையல் நூலைக் கட்டினேன், சம்பலுக்குப் பிடுங்கிவிடக்கூடாதே என்று.

ஒன்பது மிளகாய் தேறியது. அவர் சனிக்கிழமைகளில் சந்தைக்குக் கொண்டுபோகும் பிரம்புக் கூடையைத் துடைத்து அதில் போட்டேன். வெறுமையாகத் தெரிந்தது என்று ஒரு சீப்புக் கதலி வாங்கி வைத்தேன். வாங்கினது முதற்பலன் ஆகாது என்று பிறகு எடுத்துவிட்டேன்.

ஆராதனையன்று காலை காவலாளி மேலே வந்து, "மிஸ், லிஃப்ட் வெட நே" என்றார். வேலை செய்யாமல் நிற்க லிஃப்ட்டுக்கு அன்றைய நாள்தான் கிடைத்தது. காவலாளியும் ஆட்டோக்காரருமாக அவரை ஒரு பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து, அந்த நாற்காலியோடு தூக்கி நாலு மாடியும் இறக்கினார்கள். கூடை அவருடைய மடியில் இருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் காவலாளி சிங்களத்தில் ஹரித, சரிதானே, என்று கேட்க, இவர் ஓம் சொல்லிக்கொண்டே இறங்கினார்.

ஆராதனையில் எங்களை முன்னால் கூப்பிட்டார்கள். போதகர் பழைய வழக்கத்தைச் சபைக்கு விளக்கி, எல்லாருக்கும் அடியெடுத்துக் கொடுக்கப் போவதாகச் சொன்னார். அது யாருக்காக என்று எனக்கு மட்டும் விளங்கியது.

"எகிப்துக்குப் போனோம்" என்றார் போதகர். சபை திருப்பிச் சொன்னது. அதன் வாலில் என் கணவரின் குரல் வந்து சேர்ந்தது. "ஓம்."

"அடிமையானோம்."

"ஓம்."

எத்தனை வருடம் சமயத்தோடு தமிழும் சேர்த்துத்தான் படிப்பித்தேன், இது எனக்குத் தோன்றவே இல்லை. நாங்கள் என்று சொல்லும் எந்த வினையும் தமிழில் ஓமில்தான் முடிகிறது. போனோம், ஆனோம், அழுதோம். அவரிடம் மிஞ்சியிருந்த ஒரே சொல் ஒவ்வொரு வரியின் முடிவிலும் பிசகாமல் போய்ப் பொருந்தியது. பின் வரிசையில் இருந்தவர்களுக்கு அவரும் அறிக்கை சொல்கிறார் என்றே கேட்டிருக்கும்.

"உம் கையால் வெளியே வந்தோம்" என்றார் போதகர்.

நான் வாயைத் திறக்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து என் கணவர் சொன்னார். மற்ற வரிகளைவிடச் சத்தமாகச் சொன்னார்.

ஆராதனை முடிந்து வெளியே காணிக்கைப் பொருட்களை ஏலம் விடத் தொடங்கினார்கள். மற்றவர்கள் பழம் கொண்டு வந்த கூடைகளில் பெயர் எழுதி ஒட்டியிருந்தது, திருப்பி எடுக்க. உதவிக்கு நின்ற பெரியவர் ஒருவர் எங்கள் மிளகாயை ஒரு தட்டில் கொட்டப் போனவர், குனிந்து இவரிடம் கேட்டார்.

"கூடையைத் திருப்பித் தரட்டோ ஐயா?"

நான் ஓமுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. அவர் வாயைக் கோணி, நாக்கை எங்கேயோ தேடி எடுத்து, "இல்லை" என்றார்.

பெரியவர் கூடையோடு போய்விட்டார். அவருக்கு அது ஒரு சாதாரணப் பதில். நான் பக்கத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டேன்.

திரும்பும் வழியில் ஆட்டோவுக்குள் கேட்டேன். இல்லை என்று சொல்ல அவருக்கு வந்துவிட்ட பிறகு, கேட்காமல் இருக்க ஒரு சாட்டும் இல்லை.

"இஞ்சாருங்கோ, அந்த இல்லத்தில போய் இருக்கிறீங்களோ?"

இந்தத் தடவை பதில் உடனே வந்து விழவில்லை. அவர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு பார்மசி போனது, ஒரு புடவைக்கடை போனது, சிக்னலில் நின்று மறுபடி கிளம்பினோம். பிறகு என் கழுத்துச் சங்கிலியைப் பார்த்து, மெதுவாக, "ஓம்" என்றார்.

மற்றக் கேள்வியை நான் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை இல்லத்திலிருந்து அந்தப் பெண் போனில் கூப்பிட்டார். கட்டில் வேணுமோ, வேறு ஆளுக்குக் கொடுக்கட்டோ என்று கேட்டார். இன்னும் ஒரு கிழமை தவணை தரச் சொன்னேன்.

"ஏன் அம்மா, ஐயா இன்னும் சம்மதிக்கேல்லையோ?"

"சம்மதிச்சிட்டார்" என்றேன். "அதாலதான் அனுப்ப என்னால ஏலாமல் கிடக்கு."