ஸ்டவ் வெடித்த ஊர்

வேல்விழிக்கு என்ன உத்தியோகம் என்று கீழப்பொட்டலில் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். விருதுநகர் பக்கம் இன்ஜினியரிங் காலேஜில் டீச்சர் என்பார்கள் பலர். "கம்ப்யூட்டருக்கு நல்லது கெட்டது சொல்லிக் குடுக்குறா" என்று சிரிப்பாள் அக்கா குருவம்மாள். அக்கா சொன்னதுதான் சரி. மனுஷன் எடுக்க வேண்டிய முடிவைக் கணினி எடுத்தால் அதில் நியாயம் இருக்குமா, தப்பாகிப் போனால் யார் பொறுப்பு என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. 2007-இல் இப்படி ஒரு ஆராய்ச்சி உண்டு என்பதே அவள் துறையில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், இதற்குப் பேசாமல் ஏதாவது மடத்தில் சேர்ந்திருக்கலாமே என்றுதான் கிண்டலடித்தார்கள்.

அந்த வருஷம் பட்டாசு ஷெட்டுகளைச் சோதனை போடும் அலுவலகம் ஒன்று காலேஜை அணுகியது. தொண்ணூறு ஊர்கள், தீபாவளி சீசனுக்குள் இருபது ஊருக்குத்தான் போக ஆள் இருக்கிறது, ஆபத்து அதிகமான இருபதைக் கணினி பொறுக்கித் தர வேண்டும் என்றார்கள். பழைய விபத்துக் கணக்குகளையும் ஆஸ்பத்திரிப் பதிவேடுகளையும் ஊட்டி, வேல்விழி ஐந்து மாதம் உயிரைக் கொடுத்து ஒரு புரோகிராம் எழுதினாள். பட்டியல் வந்தது. கடைசி ஊர், தொண்ணூறாவது, கீழப்பொட்டல். அவள் பிறந்த ஊர். முதலில் அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை ஒளிப்பானேன்.

மறுநாள்தான் உறைத்தது. கீழப்பொட்டலில் வீட்டுக்கு வீடு கொல்லைப்புறத்தில் லைசென்ஸ் இல்லாத ஷெட். அங்கே பட்டாசு விபத்தே இல்லையா? பதிவேட்டைத் திரும்பப் புரட்டினாள். பத்துப் பதினைந்து வருஷத்தில் அந்தச் சின்ன ஊரில் முப்பத்தொரு பேர் ஸ்டவ் வெடித்துக் கருகியிருந்தார்கள். அதில் ஒன்பது பேர் ஆம்பளைகள், ஒரு நாளாவது வெந்நீர் போட்டவர்கள் இல்லை. முக்கால்வாசிப் பேர் தீபாவளி வேலை மும்முரமான ஆவணி, புரட்டாசியில் கருகியவர்கள்.

அந்தப் பட்டியலில் அவள் அம்மா பெயரும் இருந்தது. 1993. கொல்லை ஷெட்டில் பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்தும்போது தீப்பிடித்தது. ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட வந்த, பட்டாசு வேலை கொடுக்கும் ஏஜெண்ட், ஸ்டவ் வெடித்ததாகச் சொல்லச் சொன்னான். ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொன்னார்கள். இல்லாவிட்டால் ஷெட்டை மூடிவிடுவார்கள், ஊருக்கே வேலை போகும். பதினேழு வயது வேல்விழிக்குத்தான் அங்கே எழுதத் தெரியும். சமையல் செய்கையில் ஸ்டவ் வெடித்தது என்று குண்டு குண்டாக அவளே எழுதிக் கொடுத்தாள். அன்று அவள் எழுதிய பொய்யைத்தான் இன்று அவளுடைய புரோகிராம் படித்து, இந்த ஊரில் பயமில்லை என்கிறது.

அலுவலகத்துக்கு ஓடி, அம்மாவுக்கு நடந்ததைச் சொன்னாள். அங்கே பொறுப்பிலிருந்த ஜெயச்சந்திரன் நல்ல மனிதர், உட்காரவைத்துக் கேட்டார்.

"நீங்க சொல்றது ஒரு ஆளு கணக்கு மேடம். மத்த முப்பது பேரு வீட்டுலயும் எழுதிக் கொடுத்தா மாத்திரலாம். உங்க பேச்ச மட்டும் வச்சு நான் எப்படி மாத்த?"

வேல்விழி ஊருக்குப் போனாள். குருவம்மாள் இன்னும் அதே மாதிரி ஒரு ஷெட்டில்தான் மருந்து செலுத்தினாள். அவளிடம்தான் முதலில் கேட்டாள்.

"அம்மா ஸ்டவ் வெடிச்சுத்தான் செத்தா," என்றாள் அக்கா. "அப்படித்தான எழுதியிருக்கு? நீதான எழுதுன?"

"அக்கா, இந்த சீசனுக்கு இங்கன யாரும் வந்து பாக்க மாட்டாக. உனக்கு ஏதாச்சும் ஆயிரும்."

"பாக்க வந்தா மூடிட்டுப் போவாக. அம்புட்டுப் பேருக்கும் நீ காலேஜுல வேல வாங்கித் தருவியா?"

பட்டியல் மாறாமல் அப்படியே மேலதிகாரிகளுக்குப் போயிற்று.

ஆவணிக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அக்காவின் ஷெட்டில் தீ என்று போன் வந்தது. ஆஸ்பத்திரியில் வாழையிலை விரித்துக் கிடத்தியிருந்தார்கள் குருவம்மாளை. சுற்றி ஷெட்டுப் பெண்கள் பத்துப் பேர். நர்ஸ் கனகமணி படிவத்தை நீட்டி, எப்படி நடந்தது என்று எழுதச் சொன்னாள்.

"ஸ்டவ்வுன்னு எழுதுடி விழி," என்றாள் குருவம்மாள். குரல் உள்ளுக்குள்ளேயே கிடந்தது. "இவளுக வயித்துல அடிச்சிராத."

வேல்விழி எழுதினாள்: பட்டாசு ஷெட்டில் மருந்து செலுத்தும்போது.

மூன்றாம் நாள் அக்கா போய்ச் சேர்ந்தாள். சுடுகாட்டிலிருந்து திரும்பிய அவள் புருஷன் பாண்டி, தெருவே கேட்கக் கத்தினான்.

"சாகப் போறவ ஒண்ணே ஒண்ணு கேட்டா. அதக் கூட செய்யலியே நீ!"

அந்த ஒரு ஷெட்டுக்குச் சீல் வைத்தார்கள். மற்ற ஷெட்டுகளில் மறுநாளே வேலை. வேல்விழி காலேஜில் கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவையும் அக்காவையும் உள்ளபடி ஏற்றி, புரோகிராமை மறுபடி ஓட்டினாள். கீழப்பொட்டல் எண்பத்திரண்டாவது இடத்துக்கு வந்தது. ரெண்டு உயிருக்கு எட்டு இடம். முதல் இருபதுக்குள் வர இன்னும் எத்தனை பேர் வேண்டும் என்று பார்த்தாள். பதினேழு.

பதினேழு பேர் புதிதாகச் சாக வேண்டியதில்லை. ஏற்கெனவே செத்தவர்களும் கருகியவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டில் உள்ளதைச் சொன்னால் போதும். நோட்டை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். முதல் வீட்டில் கதவைச் சாத்தினார்கள். இரண்டாவது வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். மூன்றாவது வீட்டுக்காரி, அவளோடு பள்ளிக்கூடம் போனவள், காறித் துப்பினாள். சாயங்காலம் வரை நோட்டில் ஒரு பெயரும் ஏறவில்லை. இனி முடியாது என்று பஸ்ஸுக்கு நடந்தாள். பாண்டி வீட்டைத் தலை குனிந்தே கடந்தாள்.

"நில்லு," என்றான் பாண்டி.

நின்றாள். அவன் வா என்று சொல்லவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை.

"எங்கம்மா பேரு மாடத்தி. ரெண்டாயிரத்தொண்ணு, புரட்டாசி. எழுது."

"மச்சான்..."

"உன்ன மன்னிச்சிட்டேன்னு நெனைக்காத. எழுது. எங்க வீட்டுல அன்னைக்கும் வெறகடுப்புதான், இன்னைக்கும் வெறகடுப்புதான். இந்த ஊருலயே எவன் வீட்டுலயும் ஸ்டவ்வு கெடையாது."

அவள் எழுதினாள். அவன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினான்.

"மத்த வீட்டுக்கு நானும் வாரேன். நீ தனியாப் போனா கதவு தெறக்க மாட்டாக."