ப்ராப்ளம் ஸ்டேட்டில் ஒரு பொறாமைக்காரி

போன வாரம் ஒருத்தியின் போன் நம்பரை பிளாக் செய்தேன். காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். அவளுடைய ஜன்னலிலிருந்து மலை தெரிகிறது!

அவள் பெயர் மலர். தென்காசிக்குப் பக்கத்து இலஞ்சிக்காரி. நானும் அவளும் ஒரே நாளில் சென்னையில் மெயின்பிரேம் டிரெய்னிங்கில் சேர்ந்தவர்கள். பக்கத்துப் பக்கத்து சீட். அவளுக்குப் புரியாததை நான்தான் சொல்லிக் கொடுப்பேன். இதை யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவது என் வழக்கம்.

பிறகு என் வீட்டுக்காரருக்குத் தென்காசிக்கு மாற்றல் வந்தது. போலீஸ் உத்தியோகம், மறுபேச்சு கிடையாது. நான் வேலையை விட்டேன். அவள் விடவில்லை. இப்போது அவள் கம்பெனி தென்காசிப் பக்கமே ஒரு கிளை திறந்து, அவளை டீம் லீடாக உட்கார வைத்திருக்கிறது. புது கேபின், சுழல் நாற்காலி, பின்னால் ஜன்னல் முழுக்கக் குற்றால மலை... அந்த போட்டோவைப் பழைய பேட்ச் குரூப்பில் போட்டாள்.

என் அடுக்களை ஜன்னலிலிருந்தும் அதே மலைதான். நடுவில் பக்கத்து வீட்டு வாட்டர் டேங்க்.

வயிறு எரிந்தது. சும்மா இல்லை, நிஜமாகவே எரிந்தது. குரூப்பை மியூட் செய்தேன். ஆறவில்லை. நம்பரையே பிளாக் செய்தேன். கொஞ்சம் ஆறியது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அதே கம்பெனிக்கு நானும் விண்ணப்பம் போட்டிருந்தேன். முதல் இன்டர்வியூ முடிந்திருந்தது. “டீம் லீட் யாராவது உங்களைக் கூப்பிடுவாங்க மேடம்” என்றிருந்தாள் எச்.ஆர். பெண். அங்கே லீட்கள் பலர். எனக்கு வருவது மலராக இருக்காது என்று ஒரு நம்பிக்கை! போனைச் சத்தமாக வைத்துக்கொண்டு, குளிக்கப் போனாலும் வாசலில் வைத்துவிட்டுப் போனேன். ஒரு போன்கூட வரவில்லை.

இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டும். ஓடிவிடாதீர்கள், சுருக்கமாக முடிக்கிறேன்.

பேங்க்குகளில் ராப்பகலாக ஓடுகிறதே மெயின்பிரேம் என்ற ராட்சதக் கம்ப்யூட்டர் – அதன் ப்ராசஸருக்குள் ‘ப்ரோக்ராம் ஸ்டேட்டஸ் வேர்ட்’ என்று ஒன்று உண்டு. செல்லமாக பி.எஸ்.டபிள்யூ. பேர்தான் வேர்ட், உள்ளே இருப்பதெல்லாம் ஒன்றும் பூஜ்யமும். ஆனால் ராஜாங்கம் அதனுடையது. அடுத்து எந்தக் கட்டளை, யாருக்கு எவ்வளவு அதிகாரம், இப்போது ஓட வேண்டுமா சும்மா நிற்க வேண்டுமா – எல்லாம் அதில்தான் இருக்கிறது.

அதில் ஒரே ஒரு பிட், அதாவது ஒரே ஓர் இலக்கம். அது பூஜ்யமானால் மெஷின் ‘சூப்பர்வைசர் ஸ்டேட்’டில் இருக்கிறது, எதையும் செய்யலாம். ஒன்றானால் ‘ப்ராப்ளம் ஸ்டேட்’. முக்கியமான கட்டளைகளைத் தொடக்கூட முடியாது. பெயர் நான் வைத்ததில்லை, சத்தியமாக! மலர் சூப்பர்வைசர். நான் ப்ராப்ளம். வித்தியாசம் ஒரு பிட்... ஒரு மாற்றல் ஆர்டர்.

இன்னொரு சங்கதி, இன்டரப்ட். அவசரமாக ஏதாவது குறுக்கே வந்தால், மெஷின் அந்த நேரத்து பி.எஸ்.டபிள்யூ.வை அப்படியே பத்திரப்படுத்திவிட்டு, வந்த வேலையைக் கவனிக்கப் போகும். முடிந்ததும் பழையதை எடுத்துப் போட்டால், விட்ட இடத்திலிருந்து ஒரு இழை பிசகாமல் தொடரும். குற்றாலம் மெயினருவியில் தண்ணீர் ஏறினால் போலீஸ் விசில் ஊதி எல்லோரையும் வெளியேற்றும் இல்லையா? திரும்ப விடும்போது பழைய இடம் உங்களுக்குக் கிடைக்குமா? மெஷினுக்குக் கிடைக்கும். நான் வேலையை விட்ட அன்று என் இடத்தை யார் பத்திரப்படுத்தினார்கள்? மெஷின் மேலும் எனக்குப் பொறாமைதான்.

சனிக்கிழமை. சீசன் டூட்டி முடிந்து வந்த வீட்டுக்காரர் வாசலிலேயே குரல் கொடுத்தார்.

“ஏட்டி, யாரு வந்திருக்கான்னு பாரு! அருவில விசில் ஊதி எல்லாரையும் வெரட்டுதேன், ஒரு பொம்பள ‘அண்ணாச்சி’ன்னு ஓடி வருதா!”

ஈரத்தலையோடு மலர். பிளாக் செய்த கதை அவருக்கு எப்படித் தெரியும்? டீ வேறு போடச் சொன்னார்.

“எத்தன மட்டம் போன் போடுதேன், எடுக்கவே மாட்டேங்கியே! உன் பேர என் டீமுக்குத்தான் கேட்டு வாங்கி வச்சிருக்கேன். திங்கக்கிழமைக்குள்ள நான் பேசி முடிக்கலன்னா மெட்ராஸ்ல இருந்து வேற ஆளப் போட்ருவாங்க.”

டீ டம்ளரை அவள் முன்னால் வைத்தேன்.

“சரி, இங்கனயே கேக்கேன். கடைசி கேள்வி” என்றாள். “மெஷின்ல கரண்ட் இருக்கு, பழுது ஒண்ணுமில்ல. ஆனா என்ன செஞ்சாலும் அசைய மாட்டேங்கு. பி.எஸ்.டபிள்யூ.ல எதப் பாப்பே?”

“வெயிட் பிட்டைப் பாப்பேன். அது ஒண்ணா இருந்தா மெஷின் காத்துக்கிட்டு நிக்குதுன்னு அர்த்தம்.”

“காத்துக்கிட்டு நிக்கது தப்பா?”

“இல்ல. இன்டரப்ட் வந்தா முழிச்சுக்கிடும். ஆனா... மாஸ்க் பிட்டெல்லாம் பூஜ்யமா இருந்தா எந்த இன்டரப்டும் உள்ள வராது. கதவ எல்லாம் சாத்திக்கிட்டு காத்துக்கிட்டே...”

நான் பிளாக் செய்த நம்பர் ஞாபகம் வந்தது. காது வரை சுட்டது.

“டிஸேபிள்டு வெயிட்” என்று அவளே முடித்தாள். “வெளிய இருந்து ஒரு ஆளு வந்துதான் தட்டி எழுப்பணும். நீதான எனக்குச் சொல்லிக் குடுத்தே!” டீயை ஒரு வாய் குடித்தாள். “ஏட்டி, என் நம்பர பிளாக் பண்ணிருக்கியோ?”

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நான் வாட்டர் டேங்க்கைப் பார்த்தேன்.

“ஆமா.”

“ஏன்?”

“பொறாமை. அந்த ஜன்னல்...”

அருவி மாதிரி சிரித்தாள். அந்தச் சிரிப்பும் என்னைவிட அவளுக்கு அழகு, பாவி! அவள் எதிரிலேயே நம்பரைத் திறந்துவிட்டேன். “வேலை உனக்குத்தான்” என்று கைகொடுத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை சேர்ந்தேன். என் சீட் அவள் கேபினுக்கு நேர் எதிரே. கண்ணாடி வழியாக மலை அழகாகத் தெரியும் – நடுவில் மலர் உட்காராமல் இருந்தால்.