விலை இறங்கும் வரை

ரஜிதா வெளியே போக வேண்டுமானால் ஸ்டூடியோ வழியாகத்தான் போக வேண்டும். ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடு அது. கீழே ஸ்டூடியோ, மேலே குடியிருப்பு, நடுவில் ஒரே ஒரு மரப்படி. படி இறங்கிய இடத்தில் கணவனின் அண்ணன் தேவகுமாரின் மேசை. காலடிச் சத்தம் கேட்டதும் அவர் தலை நிமிரும்.

"எங்கம்மா கிளம்பிட்டே?"

கோபமாகக் கேட்க மாட்டார். அதட்டவும் மாட்டார். பாசாருக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் பல் டாக்டரிடம் போனாலும் அதே கேள்வி, அதே குரல். ஒன்பது வருடமாக அவள் அங்கே ஒரு நிமிடம் நின்று பதில் சொல்லிவிட்டுத்தான் தெருவில் கால் வைத்திருக்கிறாள்.

நிபோங் திபாலில் வளர்ந்தவள் ரஜிதா. கணவன் மயூரன் ஜுருவில் காடிகளுக்கு டயர், பிரேக் போன்ற உதிரிச் சாமான் விற்கும் கடையொன்றில் வேலை பார்க்கிறான். கல்யாணமாகி வந்த முதல் வருடமே, ஸ்டூடியோவில் படமெடுத்துக்கொண்டிருந்த பெண் வேலையை விட்டுப் போனாள். மணப்பெண் அலங்கார அறைக்குள் ஆண்கள் நுழைய முடியாது. "நீதான் சும்மா இருக்கியே, கொஞ்சம் பிடி" என்று தேவகுமார் அவள் கையில் கேமராவைக் கொடுத்தார். பிடித்தவள் விடவில்லை. கல்யாணப் பெண்ணின் முகம் கலங்கத் தொடங்கும்போதே அவள் விரல் அழுத்தியிருக்கும். மாலைக்கு நடுவே அப்பாவைத் தேடும் கண்ணை, கண்ணாடி முன்னால் தனியாக மூச்சு வாங்கும் தோளை அவள் தவறவிட்டதில்லை. மூன்றாம் வருடத்தில், முன்பணம் கட்ட வருகிறவர்களே "அந்த அக்கா வருவாங்கதானே?" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

ஆனால் கேமரா அவளுடையதல்ல. கல்யாணம் முடிந்ததும் மண்டப வாசலிலேயே தேவகுமார் படங்கள் பதிந்த கார்டைக் கழற்றி வாங்கிக்கொள்வார். கேமரா கண்ணாடி அலமாரிக்குள் போகும், சாவி அவர் இடுப்புக்குப் போகும். மாடிக்கு அவர் வாடகை வாங்குவதில்லை, அதனால் அவளுக்குச் சம்பளமும் இல்லை. "ஒரே குடும்பம், நமக்குள்ள எதுக்கும்மா அதெல்லாம்" என்பார். அவள் கையில் சேர்ந்ததெல்லாம் பெண் வீட்டார் பிரியமாகக் காசு வைத்துக் கொடுக்கும் அங்பாவ் உறைகள்தான்.

மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்ய வரும் ஹுஸ்னாதான் ஒருநாள் பேச்சை எடுத்தாள். மண்டபத்துப் பின்பக்கம் இருவரும் நின்றபடி பசியாறிக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, எங்காளுங்க கல்யாணத்துல மருதாணி விசேஷம் தனியா நடக்கும். பொம்பளைங்க மட்டும். படம் எடுக்க ஒரு பொம்பளை வேணும்னு எல்லா வீட்டுலயும் என்னைத்தான் கேக்குறாங்க. மாசத்துக்கு ரெண்டு நிச்சயமா வரும். ஆனா கேமரா சொந்தமா இருக்கணும் லா. படம் வேற யாரு கைக்கும் போகக் கூடாது."

சத்தமில்லாமல் இயங்கும் கேமரா வேண்டும். மங்கிய அறை வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும். ஒரு கார்டு பழுதானால் இன்னொன்றில் படம் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட கேமராவைப் புதிதாக வாங்குவது ரஜிதா கனவிலும் நினைக்காத காரியம். பழையது வாங்கலாம். ஹனீபா அண்ணன் பழைய கேமராக்கள் வாங்கி விற்பவர். நகர நடுவில் ஒரு பழைய வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில் கடை வைத்திருந்தார். போய்ப் பார்த்தாள். அங்பாவ் காசோடு தாலிக்கொடி தவிர்த்த சங்கிலியொன்றையும் அடகு வைத்தால் போதும். முடிவே செய்துவிட்டாள். அன்று சாப்பிடும்போது மயூரனிடம் சொன்னாள். மயூரன் மறுநாள் காலையில் அண்ணனிடம் சொன்னான்.

தேவகுமார் கோபப்படவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவளை உட்கார வைத்தார்.

"வாங்கு. தாராளமா வாங்கு. ஆனா இப்ப வாங்கினா ஏமாந்துடுவே. ரெண்டு மாசத்துல புது மாடல் வருது. வந்த உடனே எல்லாரும் பழசைத் தள்ளி விடுவாங்க. ஆயிரம் வெள்ளி இறங்கும் லா. பொறு."

சரியான பேச்சு. அவளே இணையத்தில் அதைப் படித்திருந்தாள். பொறுத்தாள்.

புது மாடல் ரெண்டு மாசத்தில் வரவில்லை, ஐந்து மாசத்தில் வந்தது. வந்தும் கடைகளில் கிடைக்கவில்லை. புதியது கிடைக்காததால் பழையதை யாரும் விற்கவில்லை, அதன் விலை முன்னூறு வெள்ளி ஏறியே விட்டது. "ஸ்டாக் வரட்டும்" என்றார் தேவகுமார். ஸ்டாக் வந்தபோது, வருடக் கடைசியில் போனஸ் வாங்கினவர்களெல்லாம் கேமரா மாற்றுவார்கள், அப்போது பார்க்கலாம் என்றார். வருடம் முடிந்தபோது கல்யாண சீசன் முடியட்டும் என்றார். பிறகு டாலருக்கு எதிராக வெள்ளியின் மதிப்பு ஏறுகிறது, இறக்குமதி விலை குறையும் என்றார். ஒவ்வொன்றையும் அவள் தன் பங்குக்கு விசாரித்துப் பார்த்தாள். ஒன்றுகூடத் தவறான யோசனையாகத் தெரியவில்லை. அதுதான் அவளைக் கட்டிப் போட்டது. தப்பான யோசனையாக இருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம்.

தினமும் காலையில் கண் விழித்ததும் போனில் விலைகளைப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிவிட்டது. ஈப்போவில் ஒருவர் விற்கிறார், ஜொகூரில் ஒருவர் விற்கிறார். ஷட்டர் எத்தனை ஆயிரம் தடவை ஓடியது, பெட்டி இருக்கிறதா, ரசீது இருக்கிறதா என்று பார்ப்பாள். பிறகு எழுந்து போய்க் கோழி குழம்புக்கு வெங்காயம் உரிப்பாள். ஹுஸ்னா எட்டு தடவை கேட்டுப் பார்த்துவிட்டு, சுங்கை பட்டாணியிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்துக்கொண்டாள். ஹுஸ்னா மேல் ரஜிதாவுக்குக் கோபம் இல்லை. இரண்டு வருடம் யார்தான் காத்திருப்பார்கள்?

ஒரு புதன்கிழமை, ஸ்டூடியோ கேமராவுக்கு லென்ஸ் மூடி வாங்க ஹனீபா கடைக்குப் போயிருந்தாள்.

"உங்க அத்தான் தேவகுமார் எடுத்துட்டுப் போன ரெண்டும் நல்லா ஓடுதா?" என்று கேட்டார் ஹனீபா.

"எந்த ரெண்டு?"

"நீங்க கேட்டுட்டிருந்த மாடல்தாங்க்கா. போன மாசம் வந்து ரெண்டையும் ஒண்ணா எடுத்துட்டாரு. இதுக்கு மேல இறங்காது ஹனீபா, இப்பவே எடுத்துடணும்னு அவரேதான் சொன்னாரு. தஞ்சோங் புங்கா பக்கம் புதுசா ஒரு ஸ்டூடியோ திறக்கப் போறாராமே?"

லென்ஸ் மூடியை வாங்கிக்கொண்டு அவள் படியிறங்கினாள். போன மாசம்தான் அவர் அவளிடம் வெள்ளி மதிப்பைப் பற்றி அரை மணி நேரம் பேசியிருந்தார். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தபோது தனக்குள் பெரிய அதிர்ச்சி எதுவும் இல்லை என்பதை உணர்ந்தாள். அது அவளை இன்னும் பயமுறுத்தியது. ஏதோ ஒரு மூலையில் அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அவர் பொறு என்று சொல்லும்போதெல்லாம் அவளுக்கும் கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. வாங்கிவிட்டால் அதை எடுத்துக்கொண்டு அந்தப் படியில் இறங்க வேண்டும், அந்த மேசையின் முன்னால் நிற்க வேண்டும். விலை இறங்காதவரை அதற்கு அவசியமில்லை.

அன்று மயூரனிடம் சொன்னாள். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

"நான் போய்க் கேக்கவா முடியும்? அண்ணன் இல்லன்னா நான் பாலிடெக்னிக் போயிருக்கவே மாட்டேன். வீடு அவரு வீடு."

"கேக்கச் சொல்லல. தெரிஞ்சுக்கங்கன்னு சொன்னேன்."

"சுசா லா ரஜி, ரொம்பக் கஷ்டம்" என்றான். அவ்வளவுதான். மறுநாள் காலையிலும் அவள் போனில் விலையைப் பார்த்தாள். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை ஹுஸ்னா கூப்பிட்டாள். சுங்கை பட்டாணிப் பெண்ணுக்கு டெங்கு காய்ச்சல், மருத்துவமனையில் இருக்கிறாள். சனிக்கிழமை மத்தியானம் தாசேக் கெலுகோரில் மருதாணி விசேஷம். "சாயங்காலத்துக்குள்ள சொல்லுங்கக்கா. முடியாதுன்னா முடியாதுன்னே சொல்லிடுங்க. நான் இனிமே கேக்க மாட்டேன்." குரலில் கடுமை இல்லை, அலுப்பு இருந்தது.

ரஜிதா சங்கிலியை அடகுக் கடையில் வைத்துவிட்டு ஹனீபா கடைக்குப் போனாள். அந்த மாடலில் ஒன்றே ஒன்று இருந்தது. அடிப்பாகத்தில் கீறல், ஒரு திருகு சற்று இறுக்கம். ஷட்டர் எண்பதாயிரம் தடவை ஓடியிருந்தது. அவள் வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பெரிதாக்கிச் சென்சாரில் தூசு இருக்கிறதா என்று பார்த்தாள். இரண்டு கார்டிலும் படம் பதிகிறதா என்று பார்த்தாள். லென்ஸ் பொருந்தும் வளையத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

ஹனீபா தொண்டையைச் செருமினார்.

"அக்கா, நான் வியாபாரி. இதைச் சொல்லக் கூடாது. ஆனா உங்களை ரெண்டு வருஷமா பாக்குறேன். அடுத்த வாரம் அடுத்த மாடல் அறிவிப்பு வரப் போகுது, நிச்சயமான செய்தி. பத்து நாள் பொறுத்தா இதை நானே எழுநூறு, எண்ணூறு குறைச்சுத் தருவேன்."

இவர் சொல்வதில் சூது எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அதனாலேயே கேட்பது கடினமாக இருந்தது. கண்ணாடி மேசையில் கேமராவை வைத்து அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பத்து நாள் கழிச்சு யாராவது இன்னொரு பத்து நாள் சொல்லுவாங்க அண்ணே. பில் போடுங்க."

ஹனீபா பில் போட்டார். ஒரு பேட்டரியைச் சும்மா சேர்த்துக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் மேசை முன்னால் நின்றாள்.

"நாளைக்கு நான் வரல அத்தான். வேற வேலை ஒத்துக்கிட்டேன். கேமரா வாங்கிட்டேன்."

தேவகுமார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாளைக்கு நிபோங் திபால்ல விருந்து இருக்கு. பொண்ணு ரூமுக்குள்ள நானா போவேன்?"

"தஞ்சோங் புங்கா கடைக்கு ஆள் பாத்து வச்சிருப்பீங்களே. அவங்களைக் கூப்பிடுங்க."

அவர் கை நின்றது. அந்தப் பேச்சு அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கவில்லை. "என்ன விலைக்கு?" என்று மட்டும் கேட்டார். சொன்னாள். "ஏமாந்துட்டே" என்றார்.

சனிக்கிழமை ஹுஸ்னாவின் காடியில் தீவிலிருந்து கடல் பாலம் தாண்டிப் போனார்கள். தாசேக் கெலுகோர் வீட்டில் ஜன்னல் திரைகளையெல்லாம் இழுத்து விட்டிருந்தார்கள். ஆண்கள் யாரும் இல்லாத அந்தக் கூடத்தில் பெண்கள் முக்காட்டை எடுத்துவிட்டு, கூந்தலை அவிழ்த்து, சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். மணப்பெண்ணின் சித்தி ஒருத்தி குடத்தைக் கவிழ்த்துத் தட்டிப் பாடினாள். கேமரா சத்தமே போடவில்லை. மருதாணிக் கோன் உள்ளங்கையில் பட்டதும் குளிர்ச்சியில் பெண் உதட்டைக் கடித்தாள். அந்தப் படம் கிடைத்தது. நான்கு மணி நேரம் ரஜிதா யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. முடிந்ததும் படங்களைப் பெண்ணின் கணினியிலேயே ஏற்றிக் கொடுத்தாள். பெண் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். உதட்டைக் கடித்த படத்தில் நிறுத்தி, "இது நானா?" என்றாள்.

திங்கட்கிழமை தேவகுமார் மாடிக்கே ஏறி வந்தார். மயூரனும் இருந்தான்.

"கோபமில்லம்மா. யோசிச்சுப் பாத்தேன். நல்லதுதான். உன் கையில இப்ப நல்ல கேமரா இருக்கு. நீ எடுத்துட்டிருந்த பழைய ஸ்டூடியோ கேமராவை நான் வித்துடுறேன். இனிமே நம்ம கல்யாணத்துக்கும் இதையே கொண்டாந்துடு. மேல ஈரத்துல வச்சா பூஞ்சை பிடிக்கும், கீழ அலமாரியில வச்சுக்கலாம்."

மயூரன் தலையாட்டினான். தன் காசில் வாங்கியதும் அவர் கல்யாணங்களில் தேயப் போகிறது. இதுவும் கேட்க நியாயமாகத்தான் இருந்தது.

"கல்யாணத்துக்குக் கொண்டு வரேன் அத்தான்" என்றாள் கடைசியில். "அலமாரி வேண்டாம். மாசத்துல ரெண்டு சனிக்கிழமை என்னோடது. அது முடியாதுன்னா மாடிக்கு வாடகை சொல்லுங்க, எனக்குச் சம்பளம் சொல்லுங்க."

பேரம் ஒரு வாரம் நடந்தது. மாசத்தில் ஒரு சனிக்கிழமை கிடைத்தது.

கேமரா வாங்கிய பதினோராம் நாள் விலை எண்ணூறு வெள்ளி இறங்கியது. தேவகுமார் போனை நீட்டிக் காட்டினார். "ஆமா அத்தான்" என்றாள். அவள் விலை பார்ப்பதை நிறுத்தி அப்போது ஒரு வாரம் ஆகியிருந்தது.

இன்றைக்கும் அவர்கள் அதே மாடியில்தான் இருக்கிறார்கள். ஜுருவுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டை மயூரன் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். நல்ல வீடுதான், ஆனால் வருடக் கடைசியில் வாடகை குறையும் என்று அண்ணன் சொல்கிறார், பொறுத்துப் பார்க்கலாம் என்றான். மறு ஞாயிற்றுக்கிழமை ரஜிதா ஹுஸ்னாவைக் கூட்டிக்கொண்டு தானே போனாள். வாடகை அவள் சக்திக்கு இருநூறு வெள்ளி அதிகம், சமையலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. எதுவும் முடிவாகவில்லை. வீட்டுக்காரரின் போன் எண்ணை மட்டும் வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் பாலம் தாண்டித் திரும்பி வந்தாள்.