இடப்பக்கம் சாய்ந்த முள்

அண்ணனின் ஒர்க்‌ஷாப்பில் அவளுக்கு ஒரே வேலைதான்: பாட்டரிகளுக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது. ஒயரிங் படித்து ஒன்பது வருடமாகியும் ஒரு ஒயரைத் தொட அவர் விட்டதில்லை. எந்த வண்டி எவ்வளவு குடித்தது என்று அவள் சுவரில் சாக்பீஸால் எழுதி வைப்பாள். அதைப் பார்த்து எல்லோரும் சிரிப்பார்கள்.

அன்று பல் டாக்டர் தன் அறுபது வயதுக் காருடன் ஐந்தாவது முறையாக வந்து நின்றார். என்ஜின் ஓடும்போது டாஷ்போர்டிலுள்ள ஆம்பியர் மீட்டரின் முள் ‘சார்ஜ்’ என்ற வலப்பக்கம் போக வேண்டும். இடப்பக்கமே சாய்ந்தது. அண்ணன் இரண்டு டைனமோ மாற்றியாயிற்று, சார்ஜின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரையும் முடிந்தமட்டும் திருகி ஏற்றியாயிற்று.

“வழியில நின்னுச்சா டாக்டர்?” என்றாள் அவள்.

“ஒரு தடவைகூட இல்லம்மா. ஆனா அந்த முள்ளைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு அடைக்குது.”

“அண்ணா, இது சார்ஜ் ஆகுது.”

“முள்ளு ஆகலங்குது. நீ ஆகுதுங்கற. நான் யாரை நம்பறது?”

“சுவத்தைப் பாரு. வாரம் அரை லிட்டர் குடிக்குது. சார்ஜே ஏறாத பாட்டரிக்கு அவ்வளவு தாகம் எடுக்குமா? நீ ரெகுலேட்டரை ஏத்த ஏத்த அது உள்ள கொதிக்குது.”

“பெரிய கண்டுபிடிப்பு! நீ சொல்றது சரின்னா இனி ஒயரிங் பூரா உனக்கு. தப்புன்னா அந்தச் சுவத்துக்கு நீயே வெள்ளையடிக்கற.”

அவள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். என்ஜினைத் தொடாமல் ஹெட்லைட்டை மட்டும் போட்டாள். முள் துள்ளி வலப்பக்கம் போனது.

“என்ஜினே ஓடல, லைட்டு பாட்டரியைக் காலி பண்ணுது. முள்ளு இடப்பக்கம்தானே போகணும்? சார்ஜ் எங்கிருந்து வருது, வானத்துலேர்ந்தா?” என்றாள்.

டாக்டர் களுக்கென்று சிரித்தார். அவள் குனிந்து டாஷ்போர்டுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள்: மீட்டருக்குப் பின்னால் இரண்டு ஒயர்கள் இடம் மாறியிருந்தன.

“டாஷ்போர்டுக்குப் பாலிஷ் போடறதுக்கு மீட்டரைக் கழட்டி மாட்டினது யாரு?” என்றாள்.

அண்ணன் கூரையைப் பார்த்தார்.

பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு ஒயர்களை மாற்றிப் பூட்டினாள், ரெகுலேட்டரை இறக்கினாள். என்ஜின் உறுமியதும் முள் சமர்த்தாக வலப்பக்கம் சாய்ந்தது. டாக்டர் ஹாரனை அடித்தார், வைப்பரைப் போட்டார், மறுபடி ஹாரனை அடித்தார். எதிர்க்கடைக்காரர் என்னவோ ஏதோவென்று ஓடி வந்தார். இதில் மேதைமை ஒன்றுமில்லை, கவனித்திருக்கிறாள். ஆனால் அங்கே வேறு யாரும் கவனிக்கவில்லை.

அண்ணன் திரும்பிப் பார்த்தபோது அவளைக் காணோம். பக்கத்து வேனின் டாஷ்போர்டுக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

“அண்ணா, டார்ச் பிடி.”

“நானா?”

“வேற யாரு? இன்னும் கிட்ட. கை ஆடக் கூடாது.”

அவர் குனிந்து பிடித்தார்.