பெயின்ட் டப்பா டைமர்

தங்கச்சிக்குச் சென்னைக் கல்லூரியில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சீட்டு கிடைத்தால் படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் இலவசம். கிடைக்காவிட்டால் விடியற்காலையில் தெருமுனையில் வந்து நிற்கிற கம்பெனி பஸ்ஸில் ஏறி, செல்போன் பாகங்களை மாட்டுகிற வேலைக்குப் போக வேண்டியதுதான். வேறு வழி எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

அவளுக்கு நூறு மீட்டர் ஓட்டம். கோச் எங்கள் அப்பா. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் இரும்புக் கம்பெனி வாட்ச்மேன். அவர் கையிலிருந்த ஸ்டாப் வாட்ச்படி, கல்லூரி கேட்ட நேரத்துக்குள் அவள் எப்போதோ வந்துவிட்டாள்.

ஆனால் கல்லூரி டெஸ்டில் கையால் நேரம் பார்க்க மாட்டார்களாம். இரண்டு கோட்டிலும் ஒளிக்கதிர் வைத்து, ஓடுகிறவள் அதைக் கடக்கும்போது மிஷினே கணக்கெடுக்குமாம். பிரவுசிங் சென்டரில் அதன் விலையைப் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் எழுந்து வந்தேன். நான் அட்டைப்பெட்டி கம்பெனியில் எலக்ட்ரீஷியன். கன்வேயரில் பெட்டி எண்ணுகிற பழைய சென்சார் இரண்டை ஸ்கிராப்பிலிருந்து கேட்டு வாங்கினேன். பெயின்ட் டப்பாவில் சிமென்ட் கொட்டி பைப்பை நட்டு, அதில் சென்சார். எதிரே சைக்கிள் ரிஃப்ளெக்டர். கரண்டுக்கு பைக் பேட்டரி. நேரம் காட்ட அதே ஸ்கிராப்பில் கிடைத்த டைமர். பெட்டியை எண்ணுகிற கண்ணுக்கு என் தங்கச்சியும் ஒரு பெட்டிதான். சரியாகப் பிடித்தது.

அதுதான் வினையாகப் போனது. எத்தனை முறை ஓடினாலும் அப்பாவின் வாட்சைவிட, கல்லூரி கேட்டதையும்விட, அதிக நேரம் காட்டியது.

"இன்னாடா டப்பா இது, பொய் சொல்லுது?" என்றார் அப்பா.

பொய்யாக இருக்கட்டும் என்றுதான் எனக்கும் ஆசை. பிரித்துப் பிரித்து மாட்டியும் குறை கிடைக்கவில்லை. கடைசியில் ஒருநாள் மிஷினை விட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தேன். அவள் நெருங்க நெருங்க அவர் உடம்பே முன்னால் சாய்ந்தது. "வாம்மா, வாம்மா" என்று வாய் முணுமுணுத்தது. அவள் கோட்டைத் தொடுமுன்பே கட்டைவிரல் பட்டனை அழுத்திவிட்டது. பாசம் கண்ணை மறைக்கும் என்பார்கள். அப்பாவுக்கு விரலையும் சேர்த்துத் தள்ளியது. இதை அவரிடம் எந்த வாயால் சொல்வேன்?

தங்கச்சியிடம் சொன்னேன்.

"தெரியும்ணா. டப்பா வந்ததுலேர்ந்து அப்பா சரியா துன்றதே இல்ல. உங்க கம்பெனில பொட்டி கொறஞ்சா இன்னாவோ திருப்புவீங்களே, அத மாரி இதையும் திருப்பேன். டெஸ்டு வரைக்கும் அவுரு நிம்மதியா இருக்கட்டும். அதுக்குள்ள நான் ஓடிப் புடிச்சிட்றேன்."

ஷிஃப்ட் முடிவில் கணக்கு இடித்தால் சூப்பர்வைசர் கண்ணைக் காட்டுவார். நாங்கள் சென்சாரின் திருகைத் திருப்புவோம். எல்லா கம்பெனியிலும் நடப்பதுதான். ஓட்டம் தொடங்குகிற கோட்டு சென்சார் கொஞ்சம் தாமதமாக விழிக்கும்படி திருப்பி வைத்தேன். நேரம் குறைந்தது. "இப்பதாண்டா மிஷினு சரியாச்சு" என்று அப்பா அன்று இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார்.

அவளும் பேய் மாதிரி ஓடினாள். அந்த நேரத்தைப் பிடிக்க முடியவில்லை.

டெஸ்ட் அன்று கல்லூரி மிஷினில் வந்தது, திருகைத் திருப்புவதற்கு முன் என் டப்பா காட்டிய அதே நேரம். என் கையால் செய்த வேறெதுவும் அவ்வளவு சரியாக இருந்ததில்லை. அதிகாரி அடுத்த பெண்ணைக் கூப்பிட்டார். தங்கச்சி தரையில் உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பா என் கையைப் பிடித்தார். "டேய், இவங்க மிஷினு ராங்கா காட்டுதுடா. நீ போய் சார் கைல சொல்லு. நம்ம மிஷின எட்த்தாந்து வச்சி இன்னொரு வாட்டி ஓட உடச் சொல்லு. அதான் கரெக்டா காட்டும்."

தங்கச்சி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "போடா" என்று அப்பா என் முதுகைப் பிடித்துத் தள்ளினார். நான் அந்த அதிகாரியை நோக்கி நடந்தேன்.