கீழ்வீட்டு அழுகை

மலைக் கிராமமான போளூரில் நான் நடத்தும் மாலை வகுப்பில், சரிவுக்குக் கீழே உள்ள வீடுகளில் எங்கோ ஒரு குழந்தை அழும் சத்தம் கேட்டது. கனகா எழுதுவதை நிறுத்திவிட்டு வாசலைப் பார்த்தாள். எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

சின்ன வயதில் நானும் இப்படித்தான் டியூஷனில் உட்கார்ந்திருப்பேன். தோட்டத்தில் பிடுங்கிய கேரட்டைக் கூலிக்குக் கழுவப் போகும் அம்மா திரும்பும்வரை குட்டித் தங்கை வீட்டில் தனியாகக் கிடப்பாள். அடுப்புப் பக்கம் போகாதபடி அம்மா அவளைப் பழைய சேலையால் கட்டில் காலோடு கட்டியிருப்பாள். பரணில் காயும் பூண்டின் வாடை அடிக்கும் அந்த இருட்டில் அழுது அழுது அவள் தொண்டை கம்மிப்போயிருக்கும்.

"ஏலே, நீ படி. அவ பழகிக்கிருவா" என்பாள் அம்மா. ஒரு எழுத்தும் மண்டையில் ஏறாது.

"வீட்ல யாரு இருக்கா, கனகா?"

"தம்பி மட்டும் சார். பூட்டிட்டு வந்தேன்."

"அவனையும் இங்க கூட்டிட்டு வந்திரு."

"சாக்பீஸத் திம்பான் சார்."

"தின்னுட்டுப் போறான். வெரசா போ, தாயி."