விசில் ஊதாமல் வண்டி கிளம்பாது

அப்பா விசில் ஊதாமல் எங்கள் வீட்டிலிருந்து எந்த வண்டியும் கிளம்பியதில்லை.

கடற்படைக் கப்பலில் மாலுமிகளைக் கூப்பிட ஊதும் விசில் அது. வளைந்த சின்னக் குழல், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். பணி முடிந்து சங்கரன்கோவிலுக்கு வந்தபோது அதையும் கையோடு கொண்டுவந்தார். குற்றாலம் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் வேன் கதவருகே நின்று தலை எண்ணுவார். "எல்லாரும் ஏறியாச்சா?" ஒரு தலை குறைந்தாலும் ஊத மாட்டார். ஒருமுறை தம்பி விஜயராஜ் கக்கூசிலிருந்து வர நேரமாகிவிட்டது. தாலி கட்டுக்கு நேரமாச்சு என்று மாமா குதித்தார். அப்பா அசையவில்லை.

"ஆள விட்டுட்டுப் போற கப்பல் நம்ம கப்பல் இல்ல மாப்ளே."

நான் பிறந்தபோது அவர் கடலில். தம்பி பிறந்தபோதும் கடலில். லீவில் வந்து நின்றவரைப் பார்த்து நான், "அம்மா, யாரோ ஒரு மாமா வந்திருக்காங்க" என்று கத்தினேனாம். சிரித்துக்கொண்டேதான் அந்தக் கதையை ஆரம்பிப்பார். முடிக்கும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது.

வீட்டு முன்னறையில் கயிற்றுக்கடை போட்டார். குருவிகுளத்துப் பக்கத்துச் சம்சாரி ஆட்டுக்கயிறு கேட்டால், கப்பல் முடிச்சு ஒன்றைப் போட்டே கொடுப்பார். அடுத்த சந்தைக்கு ஆள் சண்டைக்கு வந்து நிற்கும்.

"அண்ணாச்சி, உம்ம முடிச்ச அவுக்க முடியாம கயித்தையே அறுத்துட்டேன் வே!"

"கப்பலப் புடிச்சு நிறுத்துத முடிச்சு. உம்ம கெடாவுக்குப் போட்டது என் தப்புதான்" என்று புதுக்கயிறு வெட்டிக் கொடுப்பார்.

உள்ளேயிருந்து அம்மா குரல் கொடுப்பாள். "கப்பல் வச்சிருக்கவனுக்கு மட்டும் முடிச்சுப் போடுங்க!" ஏசுவடியான் என்ற பெரிய மாலுமியைக் கேலி பேச இந்த ஊரில் சுகிர்தா ஒருத்திக்குத்தான் தைரியம் உண்டு.

டப்ளினில் இருக்கும் எனக்கு, வேளைகெட்ட வேளையில் ஊரிலிருந்து போன் வந்தாலே அப்பா நினைப்புதான் முதலில் வரும். தம்பி சும்மா கூப்பிட்டிருப்பான், "அப்பாவுக்கு என்னலே?" என்றுதான் எடுப்பேன். இந்த முறை அவன் அழுதான்.

வழியில் விமானம் தாமதம். திருவனந்தபுரத்தில் இறங்கியபோது அடக்கத்துக்குக் குறித்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா முகத்தை ஒருதடவை பார்த்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று ஜெபித்துக்கொண்டே வந்தேன். புளியரை இறக்கத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. கார் ஓட்டிய முகம்மது ஆரிப் கடையநல்லூர்க்காரர்.

"அழாதீங்கக்கா. எங்க வாப்பா மௌத்தானப்ப நான் ரியாத்ல கெடந்தேன். ஒரு பிடி மண்ணு போடக் குடுத்து வைக்கல. உங்கள நான் கொண்டு சேத்துருதேன்."

அப்போது தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, எங்கன வாரே? போதகருக்கு சிவகிரியில இன்னொரு அடக்கம் இருக்காம், எடுக்கணுங்காரு. இங்க ஒரே கூத்து. விசில் ஊதாமப் பெட்டியத் தூக்கப்படாதுன்னு அம்மா மறிக்கா. விசிலக் காணல. வீட்டையே பெரட்டிட்டோம்."

"அம்மாட்ட கேட்டியா?"

"கேட்டேன். 'எனக்கென்னலே தெரியும், நல்லாத் தேடு'ங்கா."

வீட்டில் ஒரு குண்டூசி தொலைந்தாலும் இடம் சொல்லுபவள் அம்மா. காருக்குள் எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்போடே அழுகையும் வந்தது. ஆரிப் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

தெரு நிறையச் சனம். போதகர் பைபிளை மூடி வைத்துக்கொண்டு நின்றார். வழிவிட்டார்கள். அப்பா கருநீலக் கோட்டும் பதக்கங்களுமாகப் படுத்திருந்தார், யாரோ ஒருவர் இன்னும் ஏறவில்லை என்பதுபோலப் புருவம் சுருங்கி. நெற்றியைத் தொட்டேன். எவ்வளவு நேரம் அப்படியே இருந்தேனோ, யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை.

பிறகு அம்மா எழுந்தாள். சேலை முந்தியில் ஒரு முடிச்சு இருந்தது. அப்பா போடும் அதே முடிச்சு. ஒரே இழுப்பில் அவிழ்த்து விசிலை எடுத்தாள். விஜயராஜ் வாயைப் பிளந்தான்.

"ஊது ஏட்டி பெனிட்டா."

உதடு காய்ந்து கிடந்தது. வெறும் காற்றுதான் வந்தது. மறுபடியும் ஊதினேன். அப்போதும் காற்றுதான்.

"கொண்டா இங்க."

அம்மா குழல்மேல் விரலை மூடித் திறந்து ஊதினாள். சத்தம் ஏறி, நின்று, மெல்ல இறங்கியது. அச்சு அசல் அப்பா ஊதுவது போலவே.

"எம்மா, நீ எப்பம்மா படிச்ச?"

"அவுக கயிறு வாங்க வெளியூர் போவாகல்லா, அப்ப ஊதிப் பாப்பேன்."

சொல்லிவிட்டு எங்களைத் தலை எண்ணினாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்ற ஆரிப்பையும் சேர்த்துத்தான் எண்ணினாள்.

"எல்லாரும் ஏறியாச்சு. தூக்குங்க மக்கா."